காட்சிக்கு வைத்த சோறு

தம்பி போன் செய்தபோது நான் ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது என் தொழில். இஞ்சோன் துறைமுகத்துக்குப் பின்தெருவில் ஒரு மாடியறை, அதில் இரண்டு மேசை, ஒரு சின்னச் சூளை, வாய் பிளந்தபடி அலமாரி நிறைய யார் யாருடைய தாடைகளோ. தம்பி காரியம் இல்லாமல் கூப்பிடமாட்டான் என்பதால் இயந்திரத்தை நிறுத்தாமலே எடுத்தேன்.

"அக்கா, அப்பா திதிய இந்த வருஷம் மியூசியத்துலயே வெச்சுக்கலாமா?"

"எங்க?"

"சியோல்ல. என் படைப்பு முன்னாடி. அன்னிக்குத்தான் பரிசு அறிவிக்கிறாங்க. நான் அங்க இல்லாம இருக்க முடியாது. நான் இல்லாம திதியும் நடக்காது. ரெண்டையும் ஒண்ணாப் பண்ணிட்டா என்னன்னு வோன்ஹி மேடம் கேட்டாங்க. அவங்களுக்கு அந்த ஐடியா ரொம்பப் புடிச்சுப்போச்சு."

"அப்பாவுக்குப் புடிக்குமான்னு கேட்டாங்களா?"

"ஆரம்பிச்சிட்டியா?" என்றான். பல் கொஞ்சம் அதிகமாகவே தேய்ந்துவிட்டது. குப்பையில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தேன்.

என் தம்பி இன்சப் ஓவியன் அல்ல, கலைஞன். இந்த வித்தியாசத்தை எங்கள் வீட்டில் புரிய வைக்க அவன் பல வருடம் பாடுபட்டான். ஒரு பூனையை வரையச் சொன்னால் அவனுக்குத் தலையணைதான் வரும். அவன் பொருள்களை எடுத்துக் கொண்டுபோய் வேறோர் இடத்தில் வைப்பான், அவ்வளவுதான். முதல் கண்காட்சியில் எங்கள் வீட்டு வாஷிங் மெஷினை வைத்து அதில் தண்ணீர் நிரப்பியிருந்தான். டாக்சியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்த அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது ஓடுமா?" என்றார். ஓடும் என்றான். "அப்ப வீட்டுல இருக்க வேண்டியதுதானே?" என்றவர் அடுத்த சவாரிக்குக் கிளம்பிவிட்டார். அவன் கலையைப் பற்றி அதற்கப்புறம் எத்தனையோ பேர் எத்தனையோ பக்கம் எழுதிவிட்டார்கள். அப்பா கேட்டதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

இந்த வருடம் அவனைப் பெரிய பரிசு ஒன்றுக்குப் பரிந்துரைத்திருந்தார்கள். நான்கு கலைஞர்கள், நான்கு அரங்குகள். ஒருவருக்குத்தான் பரிசு. அந்த ஒருவரின் படைப்பு மியூசியத்துக்கே சொந்தமாகிவிடும். இன்சப்பின் படைப்புக்குப் பெயர் 'இல்லாதவரின் பந்தி'. அது வேறொன்றும் இல்லை, அப்பாவின் படையல் மேசைதான். எங்கள் வீட்டு மடிப்புத்திரை, எங்கள் வீட்டு மேசை, அம்மா கல்யாணத்தோடு கொண்டுவந்த வெண்கலப் பாத்திரங்கள், அப்பா கடைசி வரை சோறு தின்ற கிண்ணம், கரண்டி, கறுப்பு ரிப்பன் கட்டிய அவர் படம். இதில் தம்பியின் பங்கு என்று ஒன்று உண்டு, அது சாப்பாடு. போன வருடத் திதியன்று அம்மாவும் நானும் முதல் நாளிலிருந்தே அடுப்படியில் நின்று வேக வைத்ததும் பொரித்ததுமாக எல்லாவற்றையும் படைத்தோம். கும்பிட்டு முடித்துவிட்டுச் சாப்பிட உட்காரும் நேரத்தில் அவன் பிளாஸ்டிக் டப்பாக்களோடு வந்து அத்தனையையும் வாரிக்கொண்டு போய்விட்டான். அச்சு எடுக்க வேண்டுமாம். குன்சானிலிருந்து காரோட்டி வந்திருந்த சித்தப்பா, கையில் சாப்பிடும் குச்சிகளோடு வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னடா இது? செத்தவனோட ஒரு வாய் சேந்து சாப்பிடத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றார். அதன் பிறகு அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

மீனும் அடையும் முள்ளங்கி சூப்பும் அப்படித்தான் பிளாஸ்டிக் பிசினில் வார்க்கப்பட்டு சாகாவரம் பெற்றன. அந்தப் பிசின் விற்பவரின் நம்பரைக்கூட அவன் என்னிடம்தான் கேட்டு வாங்கினான். நான் ஈறு செய்வதும் அதே பிசினில்தான். என்னுடையதை வைத்து யாரோ நாலு பேர் மெல்லவாவது செய்கிறார்கள்.

அன்று மாலை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் சோயா முளைகளுக்கு வால் கிள்ளிக்கொண்டிருந்தாள். கத்தித் தீர்ப்பாள் என்று ஆசையாகப் போனவளுக்கு ஏமாற்றம்தான். அவன் முன்பே கூப்பிட்டுப் பேசியிருக்கிறான். பேசத்தான் அவன் பிறந்தவனாயிற்றே.

"கிண்ணத்த ஒரு நாளைக்குக் குடுக்க முடியுமான்னு கேட்டேன். நகத்தக்கூடாதாம். இன்சூரன்சு இருக்காம்" என்றாள்.

"வேற கிண்ணத்துல வெச்சுக் கும்பிடலாம். வீட்டுல தட்டா இல்ல?"

"யாரு சாராயம் ஊத்துறது?"

"நான் ஊத்துறேன்."

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆம்பளப் புள்ள ஊத்தாத சாராயத்த உங்கப்பா தொடுவாரா?" என்றாள். என்னவோ நான் சூப்பில் சர்க்கரை போடட்டுமா என்று கேட்டது போல இருந்தது அவள் குரல். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தாள். "அவரு கிண்ணம் அங்க இருக்கு. வருஷத்துக்கு ஒரு தரம் பசிச்சு வர்ற மனுஷன் எங்க போவாரு, சொல்லு? கிண்ணம் இருக்கிற எடத்துக்குத்தானே போவாரு? அங்க போய் அவரு நிக்க, நாம இங்க உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

"அங்க இருக்கிறது சோறு இல்லம்மா. பிளாஸ்டிக்கு."

"தெரியும்டீ. சமைச்சுக் கொண்டுவர்றேன்னேன். பூச்சி வருமாம், விடமாட்டாங்களாம். மனசாரப் படைச்சா போதும்னு இன்சப் சொல்றான். அவருக்கென்ன, ஆவிதானே, வாசனை புடிச்சிட்டுப் போவாரு."

"பிளாஸ்டிக்குக்கு ஏதும்மா வாசனை?"

அவள் முளைகளை அலசப் போய்விட்டாள். எனக்கு அப்பாவின் மேல் பெரிய பாசம் இருந்தது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். சோறு ஆறியிருந்தால் கிண்ணத்தை அப்படியே தள்ளிவிட்டு எழுந்து போகிற ஆள் அவர். நாளெல்லாம் டாக்சியில் உட்கார்ந்து, நின்ற இடத்தில் எதையாவது விழுங்கி வாழ்ந்தவருக்கு வீட்டில் கிடைக்கிற ஒரு கிண்ணம் சூடான சோறுதான் வாழ்க்கை. அதை அம்மா ஒரு நாளும் தவற விட்டதில்லை. செத்த பிறகும் வருடத்துக்கு ஒரு முறை தவற விட்டதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் அவள் தன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசி நான் கேட்டிருக்கிறேன்.

திதியன்று அம்மா விசேஷத்துக்கு உடுத்தும் வெளிர்பச்சை ஹன்போக் உடையை உடுத்திக்கொண்டாள். ரயிலில் எல்லோரும் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

மியூசியத்தின் வாசலில் மலர் வளையங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் ரிப்பனிலும் அனுப்பியவர் பெயரைவிட அவர் பதவி பெரிய எழுத்தில் இருந்தது. உள்ளே முதல் அரங்கில் தரையெல்லாம் மண்ணைக் கொட்டியிருந்தார்கள். காலணியைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டுமாம். காசு கொடுத்துப் பாதங்களைப் பராமரிக்கிற பெண்கள் அதில் நடந்து, பூமியைத் தொட்ட பரவசத்தோடு ஈரத்துணியில் காலைத் துடைத்துக்கொண்டார்கள். இரண்டாவதில் ஒரு பெண் கலைஞர் தூங்கும்போது விடும் மூச்சைப் பதிவு செய்து இருட்டறையில் ஓடவிட்டிருந்தார். "பாவம், சளி புடிச்சிருக்கு போல" என்று அம்மா சத்தமாகவே சொன்னாள். மூன்றாவதில் ஒரு நாற்காலி இருந்தது. அது படைப்பா, காவலர் உட்காருவதா என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதன் முன்னால் ஒருவர் மோவாயைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.

நான்காவது அரங்கின் வாசலில் இன்சப் நின்றான். கறுப்புச் சட்டை, வெறுங்கால், நாலு நாள் தாடி. துக்கத்தை எல்லாம் அளவெடுத்துத் தைத்திருந்தான். பக்கத்தில் இந்தக் கண்காட்சியை அமைத்த சா வோன்ஹி. மெலிந்த பெண்மணி, அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க வந்தது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? உங்க கைதான் இந்தப் படைப்போட ஆன்மா."

"நான் சும்மா மீன் பொரிச்சேன், அவ்வளவுதான்" என்று அம்மா வெட்கப்பட்டாள். சுவரில் ஒட்டியிருந்த விளக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். தந்தைமையின் அதிகாரத்தை உறையச் செய்து, நினைவின் பசியைக் கேள்விக்குள்ளாக்குகிறார் கலைஞர் என்று இருந்தது.

"என்னடீ அர்த்தம்?"

"அப்பா சாப்பிட்டது தப்புன்னு சொல்றான்."

"சும்மா இரு அக்கா, ஜூரி வந்திருக்காங்க" என்று இன்சப் பல்லைக் கடித்தான்.

மேசையைப் பார்த்ததும் எனக்கே ஒரு கணம் நாக்கில் எச்சில் ஊறியது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மீனின் முதுகில் எண்ணெய் பளபளத்தது. பேரிக்காயின் தலையில் படையலுக்காக அம்மாவின் கத்தி சீவிய தடம்கூட அப்படியே இருந்தது. கிண்ணத்தில் சோறு குவியலாக, பருக்கை பருக்கையாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. அம்மா முகம் மலர்ந்தாள். "அச்சு அசலா இருக்கு. என் புள்ள கெட்டிக்காரன்" என்று பக்கத்திலிருந்த யாரோ ஒரு வெளிநாட்டுக்காரியிடம் சொன்னாள். அந்தப் பெண்ணும் தலையாட்டினாள்.

கூட்டம் அரைவட்டமாக நின்றது. முன்னால் நடுவர்கள், அவர்களுக்குப் பின்னால் கேமராக்கள், அவற்றுக்கும் பின்னால் மற்ற மூன்று கலைஞர்கள், இன்சப் தோற்க வேண்டும் என்ற வேண்டுதலை முகத்தில் மறைக்கத் தெரியாமல். வோன்ஹி மைக்கைப் பிடித்து, இது நடிப்பல்ல, உண்மையான சடங்கு என்று இருமுறை அழுத்திச் சொன்னார். உண்மையான சடங்கில் சாராயம் சிந்தினால் மேசைக்கு ஆகாது என்பதால் கெண்டியில் தண்ணீர்தான் இருந்தது. இன்சப் ஊதுபத்தி ஏற்றவில்லை. ஏற்றினால் தீயணைப்பு மணி அடிக்கும். வெறும் பத்தியை நட்டுவிட்டு, மண்டியிட்டு, கோப்பையில் தண்ணீர் ஊற்றி, நெற்றி தரையில் படக் கும்பிட்டான். வீட்டில் அரைத் தூக்கத்தில் கும்பிடுகிறவன் அன்று அவ்வளவு நிதானமாகக் குனிந்தான். கேமராக்காரர் ஒருவர் அவன் பாதத்தைப் படமெடுக்கத் தரையில் படுத்தேவிட்டார்.

அடுத்தது அம்மாவின் வேலை. கிண்ணத்துச் சோற்றின் நடுவே கரண்டியைச் செங்குத்தாக நட வேண்டும். நட்ட பிறகுதான் வந்தவர் சாப்பிட ஆரம்பிப்பார். அம்மா அப்பாவின் வெண்கலக் கரண்டியை இரண்டு கையாலும் எடுத்து, உதடுகள் மெல்ல அசைய, சோற்றில் வைத்து அழுத்தினாள்.

டக் என்று சத்தம் கேட்டது. கரண்டி வழுக்கிச் சரிந்து, மேசையில் மோதித் தரையில் விழுந்தது. அந்தப் பெரிய அரங்கில் அது மணியோசையாகக் கேட்டது. அம்மா குனிந்து எடுத்தாள், உடுப்பில் துடைத்தாள், மறுபடியும் நட்டாள். மறுபடியும் விழுந்தது. பருக்கைகளுக்கு இடையில் ஏதாவது இடுக்கு இருக்குமா என்று முனையால் தேடினாள். பிசினில் ஏது இடுக்கு? அவள் அப்போதுதான் புரிந்துகொண்டாள். இவ்வளவு தூரம் வந்து, உடுத்திக்கொண்டு, எல்லோர் முன்னாலும் அவள் தன் புருஷனுக்கு ஒரு வாய்கூடத் தின்ன முடியாத சோற்றைப் போட்டிருக்கிறாள். இத்தனை நாளும் நான் சொல்லிச் சொல்லிக் காட்டியது இதைத்தான். அது நடந்தபோது எனக்கு ஒரு துளிகூடச் சந்தோஷமாக இல்லை.

யாரோ கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். "எவ்வளவு சக்தியான தருணம்" என்று எனக்குப் பின்னால் ஒருத்தி கிசுகிசுத்தாள். நடுவர்களில் வயதான ஒருவர் கண்ணாடியைக் கழற்றி நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை இன்சப் பார்த்தான். அவன் பார்த்ததை நான் பார்த்தேன். அவன் அம்மாவின் காதருகே போனான்.

"அம்மா, இன்னொரு தடவை பண்ணு. இந்தப் பக்கம் திரும்பி. கேமரா இங்க இருக்கு."

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லாத பார்வை அது. சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைப்பாளே, அப்படிப் பார்த்தாள். பிறகு கரண்டியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள்.

கூட்டம் வழி விட்டது. இதுவும் படைப்பில் உண்டு என்று நினைத்தார்களோ என்னவோ. வாசலில் வோன்ஹி மட்டும் பதறிப்போய்க் குறுக்கே வந்தார். "அம்மா, மன்னிக்கணும், அந்த ஸ்பூன்... அது படைப்போட ஒரு பகுதி. வெளிய கொண்டுபோகக் கூடாது."

"அது எங்க வீட்டுக்காரரோட எச்சி ஸ்பூனு" என்றாள் அம்மா. "உங்களுக்கு எதுக்கு?"

"இன்சப்!" என்று வோன்ஹி திரும்பிக் கூப்பிட்டார். அவன் அசையவில்லை. அவனைச் சுற்றி மைக்குகள் முளைத்திருந்தன. நான் வோன்ஹியின் தோளைப் பிடித்து மெதுவாக ஓரமாக நகர்த்தினேன். பஞ்சு மாதிரி நகர்ந்தார்.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அம்மா வேகமாக நடந்தாள். "ரயில் அந்தப் பக்கம்" என்றேன்.

"வீட்டுக்குப் போய்ச் சேந்து, அரிசி களைஞ்சு, வேக வெச்சு... அதுவரைக்கும் அவரு அங்கயே பசியோட நிப்பாரு. பக்கத்துல எங்கயாவது சூடாச் சோறு கெடைக்குமா?"

தெருமுனையில் ஒரு பெட்டிக்கடை சைஸ் கன்வீனியன்ஸ் கடை இருந்தது. வாசலில் நீலக் குடை, அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் மேசை, பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள். நான் உள்ளே போய் டப்பாச் சோறு ஒன்றை மைக்ரோவேவில் வைத்தேன். ஒரு பாட்டில் சோஜு சாராயம், பேப்பர் கப், காய்ந்த மீன் பாக்கெட், பிளாஸ்டிக் உறையில் ஒற்றை ஆப்பிள் எடுத்தேன். ஆப்பிளை அம்மா வாங்கி, கத்தி இல்லாததால் தலைப்பக்கத்தைப் பல்லால் கடித்துச் சமப்படுத்தி மேசையில் வைத்தாள். நூடுல்ஸ் சிந்தியிருந்த இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தாள். டப்பாவின் மேல்தாளைக் கிழித்ததும் ஆவி அவள் முகத்தில் அடித்தது. படையல் முறைப்படி சோறு எந்தத் திசை, மீன் எந்தத் திசை என்று சுற்றுமுற்றும் பார்த்து, சூரியன் இறங்கிய பக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் சரிசெய்தாள்.

"ஊத்து" என்றாள்.

"யாரு?"

"வேற யாரு இருக்கா இங்க?"

எத்தனையோ வருடம் சமைத்திருக்கிறேன், கழுவியிருக்கிறேன், கதவோரம் நின்றிருக்கிறேன். ஊற்றியதில்லை. சோஜு மூடியைத் திருகும்போது இரண்டு முறை வழுக்கியது. அதைப் பார்த்து எனக்கே எரிச்சலாக வந்தது. வேறு வழியில்லாமல்தானே என்னிடம் சொல்கிறாள் என்று ஒரு கசப்பு, அதையும் மீறிக்கொண்டு ஒரு சந்தோஷம். நடைபாதையில் மண்டி போட்டு இரண்டு கையாலும் ஊற்றினேன். நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒருவர் எங்களுக்காக விலகிச் சுற்றிக்கொண்டு போனார்.

அம்மா கரண்டியை நட்டாள். அது சத்தமே இல்லாமல் இறங்கி நேராக நின்றது.

அப்போது மேசையோரம் இருந்த என் போன் அடிக்க ஆரம்பித்தது. திரையில் இன்சப்பின் பெயர். நின்று, மறுபடியும் அடித்தது. ஜெயித்ததைச் சொல்லவோ, கரண்டியைக் கேட்கவோ, எதுவாக இருந்தாலும் அவன் விடமாட்டான். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அடிக்கட்டும். திரும்பு. நாம பாத்துட்டிருந்தா அவரு சாப்பிடமாட்டாரு."

இருவரும் மேசைக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நின்றோம். முதுகுக்குப் பின்னால் போன் அதிர்ந்து அதிர்ந்து பிளாஸ்டிக் மேசை முழுவதும் கிடுகிடுத்தது. மியூசியம் பக்கமிருந்து ஒரு பேருந்து வந்து சிக்னலுக்காக எங்கள் முன்னால் நின்றது. அதன் கண்ணாடிகளில் நீலக் குடையும், மேசையும், வெள்ளைச் சோற்றில் நின்ற கரண்டியும் தெரியத் தொடங்கின. அம்மா தன் கண்களை இறுக மூடிக்கொண்டாள். பிறகு கையை நீட்டி, நாற்பத்தைந்து வயதான என் கண்களையும் பொத்தினாள்.